ஊர் மிதித்த வண்டல்

சேற்றில் கால் வைக்காமல் பிழைக்க வேண்டும் என்றுதான் நான் வேதியியல் படித்தேன். கடைசியில் கிடைத்தது சேற்றின் மூச்சை அளக்கும் வேலை. அளப்பது கருவிதான். ஆனால் அதைத் தூக்கிக்கொண்டு நடக்கிறவளுக்கும் ஒரு மூக்கு உண்டு என்பது என்னை வேலைக்கு எடுத்தவர்களுக்குத் தோன்றவில்லை. எனக்கோ சிறு வயதிலிருந்தே மூக்கு அதிகம். பக்கத்து வீட்டில் கருவாடு வறுத்தால் எங்கள் வீட்டில் எனக்குச் சோறு இறங்காது.

புதுக்கோட்டையில் ஒரு கல்லூரியின் ஆராய்ச்சித் திட்டம் அது. கண்மாய் அடிமண்ணில் கிடக்கும் கரி, மழை மாறி மாறிப் பெய்வதால் எவ்வளவு காற்றோடு போகிறது என்று பார்க்க வேண்டும். என்னை எடுத்ததற்குக் காரணம் என் படிப்பு என்று கொஞ்ச நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். நான் வாக்கப்பட்ட ஊர் கீரமங்கலத்துக்குப் பக்கம் இருந்ததும், அந்த ஊர்க் கண்மாயை அவர்கள் தேர்ந்தெடுத்திருந்ததும்தான் காரணம். உள்ளூர்க்காரி என்றால் பஸ் செலவு மிச்சம். திட்டத் தலைவர் சென்னையிலிருந்து எப்போதாவது வருவார். கரையில் நின்று கைக்குட்டையை மூக்கில் அழுத்திக்கொண்டு, "ரொம்ப ரிச்சான சாயில்மா" என்பார். கார் கதவை மூடிய பிறகுதான் கைக்குட்டையை எடுப்பார்.

வேலை சிக்கலானது ஒன்றுமில்லை. ஒரு சாண் அகலத்தில் ஒரு வளையம், பாதி மண்ணுக்குள் புதைந்திருக்கும். அதன்மேல் ஒரு மூடி. மூடியிலிருந்து ஒரு குழாய் பெட்டிக்குப் போகும். மண்ணிலிருந்து கரியமில வாயு வெளியேற வெளியேற, பெட்டியில் எண் ஏறும். இதை வீட்டில் சொன்னபோது என் மாமியார் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்.

"மனுசன் மூச்சுவிட முடியாம ஆசுபத்திரியில வரிசையில நிக்கிறான். மண்ணு மூச்சு விடுறதுக்குச் சம்பளமாக்கும்" என்றார்.

எனக்கும் அதுதான் தோன்றியது. ஆனால் மாமியாரிடம் ஒப்புக்கொள்ள முடியுமா?

முதல் வருடம் கண்மாய்க்குள் இறங்கியது இன்னும் குமட்டலோடுதான் ஞாபகம் வருகிறது. கரையில் கோழிக்கடைக் கழிவு மூட்டை மூட்டையாகக் கிடக்கும். அதைத் தாண்டினால் பிளாஸ்டிக் கப். அதையும் தாண்டினால் காட்டாமணக்குப் புதர். அதற்கப்புறம்தான் சேறு. தொடை வரை இழுக்கும் கருஞ்சேறு. காலை உருவினால் அழுகின முட்டை வாடை குப்பென்று மேலே வரும். வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டு, எலுமிச்சம்பழத் தோலைத் தேய்த்து, மறுபடி சோப்புப் போட்டாலும் நக இடுக்கில் அந்த வாடை இருக்கும். நான் ஸ்பூனால் சோறு தின்ன ஆரம்பித்தேன். என் கணவர் பள்ளிக்கூட வாத்தியார், சாதுவான மனிதர். அவரே ஒரு நாள், "தலைக்குக் குளிச்சியா?" என்று கேட்டுவிட்டுப் பாயை ஒரு முழம் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

அந்த நாற்றத்துக்கு ஓர் அர்த்தம் இருந்தது என்பது எனக்குப் பிற்பாடுதான் உறைத்தது. கண்மாயில் விழுகிற இலை, தழை, கோரை, பாசி எல்லாம் தண்ணீருக்கடியில் போய்ப் படிகிறது. அங்கே காற்று இல்லை. காற்று இல்லாத இடத்தில் எதுவும் முழுதாக மக்காது. அரைகுறையாக அழுகிக் கிடக்கும். கொஞ்சம் குமிழியாக மேலே போகும். மிச்சம் அடியில் தங்கும். அந்த மிச்சம்தான் கருப்பு. அந்தக் கருப்பைத்தான் நம் ஆட்கள் கோடையில் அள்ளிக்கொண்டு போய் வயலில் கொட்டி விளைய வைத்தார்கள். நாறுகிறது என்றால் உள்ளே சரக்கு இருக்கிறது என்று அர்த்தம்.

இது மழை ஒழுங்காகப் பெய்த காலத்துச் சங்கதி. புதுக்கோட்டைச் சீமையில் மழை என்றைக்கு ஒழுங்காகப் பெய்தது என்று கேட்டால் பதில் இல்லை. வானம் பார்த்த பூமிதான். ஆனாலும் ஐப்பசி கார்த்திகையில் பெய்யும், கண்மாய் நிறையும், பங்குனி சித்திரை வரைக்கும் ஏதோ கிடக்கும். ஒரு தரம் நிறைவது, ஒரு தரம் வற்றுவது என்று ஒரு கணக்கு இருந்தது. நான் பெட்டியோடு அலைந்த வருடங்களில் அந்தக் கணக்கு பிசகிப்போனது. ஐப்பசி பூராவும் வானம் வெறித்துக் கிடக்கும். கார்த்திகையில் இரண்டு நாள் பேய்மழை கொட்டும், கண்மாய் நிறைந்து கலுங்கு வழியாக மிச்சத் தண்ணீர் பாயும், ஊரே செல்போனைத் தூக்கிக்கொண்டு கரைக்கு ஓடும். அதற்கப்புறம் சொட்டு இல்லை. மாசியில் தரை தெரியும். சித்திரையில் யாரும் கேட்காமல் ஒரு மழை வந்து முழங்கால் தண்ணீர் நிற்கும். ஆனியில் வெடிப்பு விடும். ஆவணியில் மறுபடி நனையும், புரட்டாசியில் மறுபடி காயும்.

ஊரில் இதற்கு வருத்தப்பட்டவர் ஒருவரும் இல்லை. "நம்ம கம்மா இந்த வருசம் மூணு தடவ தண்ணி பாத்துருச்சு" என்று டீக்கடையில் பெருமை. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மண் வெடித்தால் வெடிப்பு வழியாகக் காற்று உள்ளே போகும். காற்றுக் கிடைத்ததும் மண்ணிலுள்ள கிருமிகள் அதுவரை தொட முடியாமல் கிடந்த கருப்பைத் தின்ன ஆரம்பிக்கும். தின்றதைக் கரியமில வாயுவாக வெளியே விடும். அதிலும் நன்றாகக் காய்ந்து கிடக்கும் தரையில் முதல் மழை விழும்போதுதான் உச்சம். சாம்பல் பூத்துக் கிடக்கும் கங்குகளை ஊதிவிட்ட மாதிரி பெட்டியில் எண் தாவும். மழை விழுந்தால் மண் குளிருகிறது என்று நினைக்கிறோம். நான் பார்த்தவரை அது எரிகிறது. புகை தெரியாததால் யாருக்கும் தெரிவதில்லை. அந்த நேரம் வரும் வாசனையை மோந்து, மண்வாசனை, மண்வாசனை என்று கண்ணை மூடிக்கொண்டு உருகுகிறவர்களைக் கண்டால் எனக்கு அடித்துவிடலாம் போல இருக்கும்.

ஒரு தரம் எரிந்தால் பரவாயில்லை. அடுத்த மழைக்காலத்தில் மறுபடி படியும். வருடத்துக்கு மூன்று தரம் காய்ந்து மூன்று தரம் நனைந்தால், படிவதற்கு நேரம் ஏது? செலவு மட்டும்தான்.

மூன்றாவது வருடம் மாசியில் நான் கண்மாய்க்குள் இறங்கினேன். சேறு கணுக்காலுக்கு மேல் ஏறவில்லை. காலை உருவினேன். வாடை வரவில்லை. குனிந்து ஒரு கை அள்ளி, யாரும் பார்க்கிறார்களா என்று சுற்றிப் பார்த்துவிட்டு, மூக்குக்குப் பக்கத்தில் வைத்து மோந்தேன். ஒன்றுமில்லை. பச்சைத் தண்ணீரில் கரைத்த செங்கல் தூள் மாதிரி இருந்தது. நாற்றம் ஒழிந்தது என்று நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு அப்போது வந்த அருவருப்பு, அதற்கு முந்தி எந்த நாற்றத்துக்கும் வந்ததில்லை. கையை உதறி உதறிக் கழுவினேன்.

அந்த மாசியில்தான் என் கொழுந்தன் சவுதியிலிருந்து திரும்பி வந்திருந்தார். கணவருக்கு இளையவர். அங்கே கட்டடங்களுக்கு ஏ.சி. குழாய் மாட்டும் வேலை. கல்யாணமான பிறகு ஊரில் இருந்த நாட்களை எல்லாம் கூட்டினாலும் ஒரு வருடம் தேறாது. இந்தத் தடவை அவர் மனைவி, என் ஓரகத்தி, தீர்த்துச் சொல்லிவிட்டாள்: "இனிமே நீங்க போனா, நானும் எங்க ஆத்தா வீட்டுக்குப் போயிருவேன். நீங்க வாரப்ப வந்து பாத்துக்கங்க." அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும். கொழுந்தனுக்கும் திரும்பப் போக விருப்பமில்லை. இங்கேயே நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட வேண்டும் என்பதுதான் அவர் ஆசை. ஆனால் பழைய கம்பெனி மறுபடி கூப்பிட்டுக்கொண்டிருந்தது. ஏஜென்ட் வாரத்துக்கு ஒரு தரம் போன் பண்ணிக் கேட்பார். "பாத்துச் சொல்றேண்ணே" என்பார் கொழுந்தன்.

அவர் பார்த்துக்கொண்டிருந்தது கண்மாய்க்குக் கீழே இருந்த அவர் பங்கு நிலத்தை. ஆள் கிடைக்கவில்லை என்று என் மாமனார் அதில் ஒரு காலத்தில் தைல மரம் வைத்துவிட்டுப் போயிருந்தார். கொழுந்தன் வந்ததும் மரத்தை வெட்டி, ஜே.சி.பி. வைத்துத் தூரைத் தோண்டியெடுத்து நிலத்தைத் துடைத்து வைத்தார். தைல மரம் நின்ற மண் கறவை வற்றின மாட்டு மடி மாதிரி. அதில் முல்லை வைக்க வேண்டும், கீரமங்கலம் பூக் கமிஷன் கடையில் போட வேண்டும் என்பது திட்டம்.

"வண்டல் அடிச்சுட்டா எல்லாம் சரியாப் போயிரும் மதினி" என்றார் என்னிடம். "கம்மா வண்டல் ஒரு தடவ விழுந்துட்டா, செத்த நெலமும் எந்திரிச்சு உக்காந்துரும்ல."

அப்போதே சொன்னேன். "தம்பி, இந்த வண்டல நம்பி முல்லை போடாதீங்க. அதுல ஒண்ணுமில்ல. மூணு வருசமா நான் அதுலதான் கெடக்குறேன்."

அவர் சிரித்தார். "என்ன மதினி, கம்மா மண்ணுல சத்து இல்லாமயா? கருப்பாத்தானே இருக்கு?"

"ஈரத்துல எல்லா மண்ணும் கருப்பாத்தான் தெரியும்."

"தாத்தன் காலத்துலேருந்து இதப் போட்டுத்தானே வெளைஞ்சுச்சு?"

தாத்தன் காலத்தில் மழை எப்போது பெய்தது என்று நான் கேட்டிருக்க வேண்டும். அதற்குள் என் மாமியார் உள்ளே இருந்து, "ஆரம்பிக்கும்போதே அபசகுனமாப் பேசாத" என்று சொல்லிவிட்டார்.

இதிலும் ஓர் இடைஞ்சல் இருந்தது. எங்கள் ஊரில் கண்மாய் வண்டலை நினைத்த மாத்திரத்தில் அள்ளிவிட முடியாது. தாலுகா ஆபீஸ் அனுமதி பெரிய விஷயமில்லை. அதற்கு மேல் ஊர்க் கட்டுப்பாடு ஒன்று உண்டு. கண்மாய் வற்றினால் மீன்பிடித் திருவிழா நடக்கும். சுற்று வட்டாரமே ஊத்தாக் கூடையும் வலையுமாக வந்து கரையில் நிற்கும். ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசியதும் எல்லாரும் ஒரே நேரத்தில் இறங்குவார்கள். அப்படி ஊர் கூடி மிதித்த பிறகுதான் வண்டலில் மண்வெட்டி படலாம். மிதிபட்ட வண்டலுக்குத்தான் மதிப்பு. எங்கே கூட்டம் அதிகமாக மிதித்ததோ அந்த இடத்து மண்ணுக்குப் போட்டி. "ஊரு மிதிச்ச வண்டல்" என்று அதற்குப் பேரே உண்டு. ஒரு காலத்தில் அதில் நியாயம் இருந்திருக்கும். வருடம் முழுக்கத் தண்ணீருக்கடியில் ஊறின கருஞ்சேற்றில் அத்தனை கால்கள் இறங்கி, மீன் செதிலும் குடலும் பாசியும் சேர்த்துக் கலக்கிவிட்டால் அது நல்ல உரம்தான்.

அந்த மாசியில் கண்மாயில் மீனே இல்லை. கார்த்திகையில் வந்த தண்ணீர் மீன் வளருகிற வரைக்கும் நிற்கவில்லை. போதாததற்கு, புரட்டாசியில் வற்றியபோது ஒரு திருவிழா ஏற்கெனவே நடந்து முடிந்திருந்தது. இருந்தாலும் மிதிக்காமல் வண்டல் எடுக்க முடியாதே. கொழுந்தனும் அவரைப் போல் வண்டலுக்குக் காத்திருந்த இன்னும் சில பேரும் ஊர்ப் பெரியவர்களைப் போய்ப் பார்த்தார்கள். பெரியவர்கள் யோசித்தார்கள். மீன் இல்லாவிட்டால் என்ன, கால் இருக்கிறதே என்று முடிவாயிற்று. மண்ணை மிதிப்பதற்காகவே ஒரு மீன்பிடித் திருவிழா.

நான் அந்தக் காலையில் கரையில் நின்றேன். என் வளையங்கள் உள்ளே இருந்தன. சுற்றிக் கம்பு நட்டு, சிவப்புத் துணி கட்டி, பெரியவரிடம் சொல்லியும் வைத்திருந்தேன். "அதுக்கென்னங்க, நம்ம பயலுக ஒதுங்கிப் போயிருவாங்க" என்றார். துண்டை வீசினார். ஒதுங்குவதாவது. சிவப்புத் துணியைப் பார்த்ததும் அங்கேதான் மீனை விட்டு வைத்திருக்கிறார்கள் என்று ஒரு கூட்டம் நேராக அங்கே ஓடியது. ஒரு தொந்திக்காரரின் கால் வளையத்துக்குள் போய் மாட்டிக்கொண்டது. அவர் அதைக் காலோடு தூக்கிக்கொண்டு, "யாரு பைப்புங்க இது?" என்று கேட்டபடி சுற்றிச் சுற்றி வந்தார். ஒரு மணி நேரம் எல்லாரும் மிதித்தார்கள். ஒருவர் நத்தை பொறுக்கினார். ஒருவருக்கு விரல் நீளத்தில் ஒரு கெண்டை. எல்லாரும் வீடியோ எடுத்தார்கள். முந்தின நாள் குடித்தவர்களின் வாடை, வெயிலில் சூடேறும் கோழிக் கழிவு வாடை, பீடி. எல்லா வாடையும் இருந்தது, சேற்றின் வாடை மட்டும் இல்லை. மீன் பிடிக்க வந்த இத்தனை பேரில் ஒருவருக்குக்கூட அது வித்தியாசமாகப் படவில்லை. கொழுந்தன் முழங்கால் வரை மண்ணோடு கரையேறி வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"நல்லா மிதிச்சுட்டாங்க மதினி" என்றார்.

ஏற்கெனவே காற்றுப் புகுந்து வெந்த மண்ணை அத்தனை பேர் புரட்டி, இன்னும் காற்று ஏற்றிவிட்டுப் போயிருந்தார்கள். மிஞ்சியிருந்த கொஞ்சமும் போவதற்கு வழி பண்ணியாயிற்று.

எனக்குத் தெரிந்து கண்மாயில் கருப்பு மிஞ்சியிருந்த இடம் ஒன்றுதான். மடைக்குப் பக்கத்துப் பள்ளம். எந்த வெயிலுக்கும் அங்கே கொஞ்சம் தண்ணீர் நிற்கும். வழுக்கும் என்பதால் திருவிழாவில்கூட யாரும் இறங்க மாட்டார்கள். அங்கே சேறு இன்னும் பழையபடி நாறியது. மறுநாள் கொழுந்தனிடம் போய், அதை அள்ளுங்கள் என்றேன். மூக்கைப் பிடித்துக்கொண்டே மூன்று வருடம் அலைந்தவள், நாறுகிற மண்ணுக்காக வாதாடினேன்.

"அதயா? பொணவாட அடிக்குது மதினி. மிதிபடாத சேறு வெளங்காதும்பாங்க. அத அள்ளியாந்து பூச்செடிக்குப் போட்டா ஊரே சிரிக்கும்."

"ஊரு சிரிச்சா சிரிக்கட்டுமே. பூ பூக்குமே."

"அனுமதி வாங்கியிருக்குறதும் இந்தப் பக்கத்துக்கு மட்டுந்தான் மதினி" என்றார். அதோடு பேச்சு முடிந்தது. டிராக்டர் ஓட ஆரம்பித்தது.

எனக்குக் கோபம் தாங்கவில்லை. வாயால் சொன்னால் ஏறாது, கண்ணால் காட்டுவோம் என்று, பள்ளத்து மண்ணையும் மிதிபட்ட மண்ணையும் தனித்தனியாகக் காய வைத்தேன். கொல்லை அடுப்பில் விறகை நன்றாக எரியவிட்டு, ஓர் இரும்புச் சட்டியில் பள்ளத்து மண்ணைப் போட்டு வறுத்தேன். அது புகைந்தது. மயிர் பொசுங்குகிற மாதிரி ஒரு நாற்றம் வீடெல்லாம் பரவியது. ஓரகத்தி வாயைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். பிறகு மிதிபட்ட மண்ணைப் போட்டேன். சும்மா கிடந்தது. சட்டி காய்ந்ததே தவிர ஒரு இழை புகை இல்லை. "பாருங்க, உள்ள கரி இருந்தாத்தானே பொகையும்?" என்றேன்.

மாமியார் முந்தானையை மூக்கிலிருந்து எடுத்தார். "பொகையாத மண்ணுதான் சுத்தமான மண்ணு. அந்தக் கழிசடையப் போயி எம்புள்ள நெலத்துல போடச் சொல்றியே" என்றார்.

கொழுந்தன் மட்டும் குனிந்து சட்டியைப் பார்த்தார். ஒரு குச்சியால் மண்ணைக் கிளறினார். வாசலில் டிராக்டர்காரர் ஹாரன் அடித்தார், எழுந்து போய்விட்டார். மாமியார் அந்தச் சட்டியைத் தூக்கித் தென்னந்தூரில் எறிந்தார். எனக்கு இனிமேல் இந்த வீட்டில் மண்ணைப் பற்றி வாய் திறக்கக் கூடாது என்று ஆயிற்று. எப்படியும் போங்கள் என்று விட்டுவிட்டேன். விட்டுவிட்டேன் என்று சொன்னேனே தவிர, தினமும் வேலைக்குப் போகும்போது வண்டியை அந்த வயல் வழியாகத்தான் விட்டேன்.

வண்டல் வயலில் கிடந்து காய்ந்தது. காயக் காய அதன் நிறம் வெளுத்துக்கொண்டே வந்தது. பங்குனி முடிவதற்குள் சாம்பல் நிறம். கொழுந்தன் அதைப் பரப்பி, உழுது, ஒரு ஓரமாக முதலில் கொஞ்சம் முல்லைப் பதியன் வைத்துப் பார்த்தார். தினமும் காலையும் மாலையும் குடத்தில் தண்ணீர் எடுத்துப் போய் ஊற்றினார். ஓரகத்தியும் கூடப் போவாள். இரண்டு பேரும் ஆளுக்கொரு வரிசையாக ஊற்றிக்கொண்டு போவதை ரோட்டிலிருந்து பார்ப்பேன். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு வேலை செய்து நான் பார்த்தது அப்போதுதான். பதியன் தளிர் விட்டது. பிறகு தளிர் வெளிறி மஞ்சளாயிற்று. உரக்கடையில் கேட்டு ஏதோ தெளித்தார்கள். மஞ்சள் போகவில்லை.

ஏஜென்ட் இப்போது தினமும் கூப்பிட ஆரம்பித்திருந்தார். கம்பெனி இதற்கு மேல் காத்திருக்காது, இந்த வெள்ளிக்கிழமைக்குள் உண்டா இல்லையா என்று சொல்லிவிட வேண்டும் என்றார். கொழுந்தன் போனை எடுத்துக்கொண்டு மாட்டுக் கொட்டகைப் பக்கம் போய்ப் பேசுவார். ஓரகத்தி அடுப்படியில் பாத்திரத்தை உருட்டுவதை நிறுத்திக் காதைத் தீட்டிக்கொண்டிருப்பாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் மழை வந்தது. சித்திரை வெயிலில் வாடிக் கிடந்த ஊர் மழையைப் பார்த்துத் துள்ளியது. மாமியார் வாசலில் அண்டா குண்டாவை எல்லாம் எடுத்து வைத்தார். கொழுந்தன் மழையிலேயே வயலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு நனைந்துகொண்டு வந்தார்.

மறுநாள் காலையில் நான் பெட்டியை ஸ்கூட்டியில் கட்டிக்கொண்டிருந்தேன். முதல் மழைக்கு அடுத்த காலை கண்மாயில் அளந்தாக வேண்டும். கொழுந்தன் வந்து நின்றார்.

"மதினி, அந்தப் பெட்டிய நம்ம வயல்லயும் ஒரு தடவ வச்சுப் பாப்பமா? மழை விழுந்துருக்கு. மண்ணுல மூச்சு இருக்கா இல்லையான்னு பாத்துட்டா, நான் ஏஜென்ட்டுக்கு ஒரு பதிலச் சொல்லிருவேன்."

என்ன காட்டும் என்று எனக்குத் தெரியும். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் பொய்யான ஒன்றை நம்பி அவர் வெள்ளிக்கிழமையைத் தாண்டுவதை நினைக்கவும் எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. போனோம். வரப்புக்கு உள்ளே, பதியன் இல்லாத இடமாகப் பார்த்து வளையத்தை அழுத்தினேன். மூடியைப் போட்டேன். கொழுந்தன் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு பெட்டிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

எண் ஏற ஆரம்பித்தது. தயங்காமல் ஏறியது.

"ஏறுதே" என்றார். அவர் இன்னும் கிட்டத்தில் குனிந்தார். "நல்லா ஏறுது மதினி. நீங்க ஒண்ணுமே இல்லன்னு சொன்னீங்க. உசுரு இருக்குல்ல மண்ணுல? ஏறுனா நல்லதுதானே?"

எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. மண்ணைக் கண்டு இல்லை. இந்த மழை, அந்தத் துண்டை வீசின பெரியவர், அத்தனை கால்கள், கைக்குட்டைக்குள்ளிருந்து ரிச் சாயில் என்று சொல்லிவிட்டுப் போனவர், இத்தனையும் தெரிந்துகொண்டு இதை இவரிடம் சொல்லும் வேலை எனக்கு வந்து வாய்த்ததே என்று குமட்டியது.

"நல்லதில்ல தம்பி" என்றேன். "வண்டல்ல மிச்சம் மீதி என்ன இருந்துச்சோ அதுதான் இப்பப் போயிக்கிட்டு இருக்கு. நேத்து மழை நனைச்சுவிட்டதுல வெளியேறுது. இங்க மட்டுமில்ல, வயல் பூராவும் இப்படித்தான்."

"வெளிய போறதத்தான் இது காட்டுதா?"

"ஆமா."

"உள்ள இருக்குறத இல்லையா?"

"இல்ல தம்பி. போறத."

அவர் வயலைப் பார்த்தார். வயலில் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. நனைந்த மண், இரண்டு கொக்கு. ஓரகத்தி தூரத்தில் வரப்பில் குடத்தோடு வந்துகொண்டிருந்தாள். மழை பெய்திருந்தும் பழக்க தோஷத்தில் தண்ணீர் எடுத்து வந்திருந்தாள். கொழுந்தன் திரும்பி, வளையத்தின் மூடிமேல் உள்ளங்கையை வைத்தார். வைத்து அழுத்தினார்.

"இப்பிடியே தொறக்காம மூடி வச்சிருந்தா போகாதுல்ல?" என்றார்.

எண் ஏறிக்கொண்டிருந்தது. மூடினால் இன்னும் சீக்கிரம்தான் ஏறும், அதற்காகத்தான் மூடியே இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. அவரே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இன்னொரு கையால் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். ஓரகத்தி கிட்டத்தில் வருவதற்குள் பேசி முடித்துவிட வேண்டும் என்பது போல அவசரமாக எண்ணை அழுத்தினார்.

"அண்ணே, நாந்தான் பேசுறேன்" என்றார். "வாரேன்னு சொல்லிருங்க."

மூடியிலிருந்து அவர் கையை எடுக்கவில்லை.